புதன்கிழமைகளில் மட்டும் கழலும் லாடம்

அத்தியாயம் 5

முதல் நான்கு அத்தியாயங்களை பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டவர்களுக்காக, கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் கம்பெனி முதலாளியிடம் 'மகாராணி' என்று ஒரு பழுப்பு நிறப் பெண் குதிரை இருக்கிறது. ஐந்து வாரமாக, புதன்கிழமை காலை தவறாமல், அதன் இடது முன்னங்கால் லாடம் மட்டும் கழன்று விழுகிறது. மற்ற மூன்று கால்கள் கெட்டி. மற்ற ஆறு கிழமைகளும் கெட்டி. லாடக்காரர் வேண்டுமென்றே மோசமாக அடிக்கிறார் என்பது முதலாளியின் கட்சி. ஆதாரம் பிடித்துக் கொடுக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஊர்க் குதிரை உரிமையாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இன்று நான்கு மணிக் கூட்டத்தில் லாடக்காரரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், எந்த லாயமும் அவரை வாசலில் சேர்க்காது. பதினொரு வருடத் தொழில் அதோடு சரி.

பக்கத்து வீட்டு வக்கீல்தான் குற்றவாளி என்று மூன்றாம் அத்தியாயத்தில் நான் அடித்துச் சொன்னேன். குதிரையைப் பத்தடி தூரத்தில் பார்த்தாலே நாற்பது தும்மல் போடுகிற ஆள் அவர் என்று நான்காம் அத்தியாயத்தில் தெரிந்தது. அதைப் பற்றி இனி யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

நான் யார் என்றால், அக்காவின் உதவியாளன். உடம்பு வாகைப் பார்த்து ஊர் எனக்கு வைத்த பெயர் குச்சி. அக்கா இருபது வருடம் செருப்புக் கடை நடத்திவிட்டு, ஜனங்களின் கால் அலுத்துப்போய்த் துப்பறிய வந்தவர். வயது ஐம்பத்து நான்கு. யாரைப் பார்த்தாலும் இன்றும் முதலில் காலைத்தான் பார்ப்பார்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு லாயத்தில் நின்றோம். காலையில்தான் ஐந்தாவது லாடம் விழுந்திருந்தது. ஐந்து லாடங்களையும் முதலாளி தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, மேஜையில் வரிசையாக வைத்திருந்தார். 

"நான் ஒண்ணும் விவரம் தெரியாத ஆள் இல்ல" என்றார் முதலாளி. "சொந்தக்காரங்களுக்கான குளம்பு பராமரிப்பு வகுப்புக்குப் போறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ரெண்டு மணி நேரம். தினமும் கொக்கியால குளம்ப சுத்தம் பண்ணணும். குதிகால்ல ஆரம்பிச்சு நுனிப் பக்கமா சுரண்டணும். நடுவுல இருக்கிற முக்கோண மெத்தையக் குத்தக் கூடாது. நாத்தம் அடிக்குதான்னு மோந்து பாக்கணும்."

"எத்தன வாரமா போறீங்க?" என்றார் அக்கா.

"அஞ்சு வாரமா."

"செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"நோட்ஸ் எடுத்திருக்கேன்" என்று மார்போடு அணைத்திருந்த நோட்டைக் காட்டினார். குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள்.

லாடக்காரர் மூலையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள். ஆனால் தலை நிமிரவே இல்லை. வருடக் கணக்கில் குளம்பையே பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே படிந்துவிட்டது போலிருந்தது. கருவிப் பெட்டியை முதலாளி பூட்டி வைத்துவிட்டதால், தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு இருந்தார். பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகமா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லீங்க. தப்பு என்னுதுதான். பேர அடிச்சுடுங்க" என்று அவர் தரையிடம் சொன்னார்.

"பாத்தீங்களா! அவனே ஒத்துக்கிறான்!" என்று முதலாளி குதித்தார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவர்களை அக்காவுக்குப் பிடிக்காது. கடையில் முதல் ஜோடியே பிடித்துவிட்டது என்று சொல்கிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. மறுநாள் திருப்பிக் கொண்டு வருவார்களாம்.

"கால நான் பாக்கணுமே. எப்படித் தூக்குறது?"

முதலாளி நோட்டைப் புரட்டினார். அதற்குள் லாடக்காரர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார். "அது வால் பக்கம் பாத்து நில்லுங்க. தோள அது மேல லேசா சாயுங்க. கைய மேல இருந்து கீழ தடவிட்டே வாங்க. கணுக்காலுக்கு மேல மெல்ல அமுக்குங்க. அப்புறம் முழங்கால் நடுவுல வச்சுக்குங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "தா கண்ணு, தா" என்றார். மகாராணி காலைத் தூக்கி அக்காவிடம் கொடுத்தது.

நான் ஆறடி தள்ளி நின்று தைரியமாகக் கவனித்தேன்.

"லாடம் எதுல நிக்குது?" அக்கா கேட்டார்.

"ஆணி கீழ இருந்து ஏறி, குளம்போட பக்கவாட்டுல முனை வெளிய வரும். முனைய முறிச்சு, கீழ மடக்கி அடிப்போம். அந்த மடக்குதாங்க பிடிமானம்."

"மடக்க யாராவது தேய்ச்சு எடுத்துட்டா?"

லாடக்காரர் ஏப்ரனின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். குளம்பின் வெளிச்சுவரில் ஆணி முனைகள் இருந்திருக்க வேண்டிய இடங்கள் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. அதன் மேல் பழுப்பாகச் சின்னச் சின்னப் பொட்டு. அக்கா கட்டைவிரலால் சுரண்டினார். பொட்டு தோலாக உரிந்து வந்தது. மோந்து பார்த்து என் மூக்கருகே நீட்டினார்.

"கல்யாண வீட்டுல பக்கத்து சீட்டு பொம்பள வாசன அடிக்குது" என்றேன்.

"நகப்பூச்சுடா, மடையா" என்று அக்கா காதோரம் சொன்னார். "தேய்ச்ச இடம் பளபளன்னு தெரியக் கூடாதுன்னு மேல பூசியிருக்காங்க. பெரிய அரத்தால தேய்ச்சா இப்படி வழவழப்பு வராது. இந்த ஊருல பார்லர் எத்தன?"

"ஒண்ணுதான். முதலாளியோட தங்கச்சி நடத்துது."

அக்கா அந்த உரிந்த பொட்டைக் கைக்குட்டையில் மடித்தார். ஐந்து லாடப் பைகளையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். மணி மூன்றரை.

பார்லர் இரண்டு தெரு தள்ளி, தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'செவ்வாய் விடுமுறை.'

"படிச்சியா?" என்றார் அக்கா.

"படிச்சேன். செவ்வாய்க்கிழமை வந்தா முடி வெட்ட மாட்டாங்க."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் குளம்பு வகுப்புல. தங்கச்சிக்குக் கடை லீவு. லாயத்துல யாரு இருப்பா? குதிரை மட்டும். மறுநாள் காலைல லாடம் விழும்." அக்கா என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். "உன் நகம் ரொம்ப அசிங்கமா இருக்கு."

"அதுக்கும் கேசுக்கும்..." என்று ஆரம்பித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

உள்ளே முதலாளியின் தங்கை இருந்தாள். முப்பத்தைந்து முப்பத்தாறு வயது, சுறுசுறுப்பான கண், காலில் வில் வைத்த பச்சைச் செருப்பு. கவுண்டருக்குக் கீழே இன்னும் நான்கு ஜோடி செருப்பு வரிசையாக இருந்தன. அக்காவின் பார்வை அங்கே போய் ஒரு நிமிடம் நின்றது.

"தம்பிக்குப் பொண்ணு பாக்க வராங்க" என்று அக்கா கூசாமல் புளுகினார். "நகத்த மட்டும் கொஞ்சம் மனுஷ நகமா ஆக்கிக் குடும்மா."

"தம்பியா? நாப்பது இருக்குமே" என்றாள் அவள்.

"அதான் அவசரம்" என்றார் அக்கா.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். பார்லர்களில் எதிரே உட்கார்ந்து கையை மேஜை மேல் வைத்துத்தானே தேய்ப்பார்கள்? அவள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். தோளை என் மேல் லேசாகச் சாய்த்தாள். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடவிக்கொண்டே வந்து மெல்ல அமுக்கினாள். நான் "ஐயையோ" என்பதற்குள் என் கையைத் தூக்கி இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"தா கண்ணு, தா" என்றாள்.

என் கை அவள் முழங்கால் நடுவே மாட்டியிருந்தது. அவள் கையில் நக ஃபைல் அப்படியே நின்றது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு இப்படி நகம் தேய்ச்ச?" என்றார் அக்கா மெதுவாக.

"ஒருத்தருக்குத்தான்" என்றாள். "ஒரு குதிரைக்கு."

கையை விட்டாள். நான் அதை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டேன், ஐந்து விரலும் இருந்தன.

அப்புறம் அவள் கொட்டித் தீர்த்தாள். "ஆறு வாரங்க! குளம்பு வளர்ற வேகத்துக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவதான் லாடம் மாத்துவாங்களாம். நாப்பத்திரண்டு நாள்! ஒரு மனுஷன நாப்பத்திரண்டு நாளைக்கு ஒரு தடவ, அதுவும் முக்கா மணி நேரம் பாத்தா எப்படிங்க? அதான் ஒரே ஒரு தடவ தேய்ச்சுப் பாத்தேன். மறுநாள் லாடம் விழுந்துச்சு. சாயங்காலமே வந்து நின்னாரு! அப்புறம் கை சும்மா இருக்கல."

"அவருகிட்ட பேசியிருக்கியா?"

"எங்க! அவரு என் மூஞ்சியப் பாத்ததே இல்ல. எப்பப் பாத்தாலும் குனிஞ்சேதான்."

"பின்ன எதுக்கு அஞ்சு ஜோடி புதுச் செருப்பு?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "குனிஞ்சே இருக்கிறவரு வேற எதப் பாப்பாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். இருபது வருடம் செருப்பு விற்றவருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைத்திருக்காது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"நாலு மணிக்கு உங்க அண்ணன் அவரு பேர அடிக்கப் போறாரு. அது தெரியுமா?"

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது. அடுத்த நிமிடம் கடையைப் பூட்டாமலே படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நகம்கூட முடிந்திருக்கவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நாங்கள் போனபோது லாயத்து முற்றத்தில் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. சங்கத்து ஆட்கள் ஆறு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மகாராணி கம்பத்தில் கட்டியிருந்தது. பக்கத்தில் லாடக்காரர் தலைகுனிந்து நின்றார். முதலாளி தீர்மானக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துண்ணா!" என்று தங்கை கத்தினாள். "லாடத்தக் கழட்டுனது நான்!"

முதலாளி வாய் பிளந்தார். அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள், நாப்பத்திரண்டு நாள் கணக்கு உட்பட. ஆறு பேரும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். லாடக்காரரின் காது இரண்டும் செங்கல் நிறமாகிவிட்டது.

"கேஸ் முடிஞ்சுது" என்று நான் அறிவித்தேன்.

"பாதிதான் முடிஞ்சுது" என்றார் அக்கா.

கைப்பையிலிருந்து ஐந்து லாடங்களையும் எடுத்து, தேதி வாரியாக மேஜையில் அடுக்கினார். "ஒவ்வொரு லாடத்துலயும் எட்டு ஓட்டை இருக்கு. ஆணி இறங்குன ஓட்டை உள்ள தேஞ்சு மினுங்கும், மத்தது கருப்பாவே இருக்கும். குச்சி, எண்ணு."

எண்ணினேன். முதல் லாடத்தில் ஏழு. இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் ஐந்து. நான்காவதில் நான்கு. இன்று காலை விழுந்ததில் மூன்று.

"மூணு ஆணில நாற்காலிகூட நிக்காது" என்றார் அக்கா. "போன வாரம் நீங்க அடிச்ச இந்த லாடத்த இந்தப் பொண்ணு தேய்க்காட்டியும் அது விழுந்திருக்கும். முதல் தடவையே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லயா? பதினொரு வருஷம் குளம்பு பாத்தவருக்கு நகப்பூச்சு தெரியாமப் போகுமா? அப்புறம் எதுக்கு வாரா வாரம் ஒரு ஆணியக் கொறச்சீங்க?"

லாடக்காரர் ஏப்ரனைப் பிசைந்தார். தொண்டையைக் கனைத்தார். 

"ஏழு ஆணி தேய்ச்சா..." என்றார் தரையைப் பார்த்து, "அவங்க விரல் வலிக்குமேன்னு."

சங்கத்துப் பெரியவர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, லாயம் என்றால் தூசி இருக்கத்தானே செய்யும்.

அக்காவுக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. நிஜக் கோபம். "ரொம்ப நல்லா இருக்கு! ஏழும் ஆறும் பதிமூணு, அஞ்சும் நாலும் மூணும் பன்னெண்டு. இருபத்தஞ்சு ஓட்டை! ஒரே குளம்புல! குளம்பா சல்லடையா? நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்து நாலு வார்த்த பேசாததுக்கு இந்த வாயில்லாத ஜீவன் ஓட்டை வாங்கியிருக்கு. இன்னும் ஒரு ஆணி அடிச்சா சுவரே பேந்துடும். வெக்கமா இல்ல?"

இரண்டு பேரும் மகாராணியைப் பார்த்தார்கள். லாடக்காரர் போய் அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். "மன்னிச்சுடு கண்ணு" என்றார். அது அவர் சட்டைப் பையை மோந்து பார்த்தது.

"இப்ப என்ன செய்யணும்?" என்று அக்கா கேட்டார். "தொழில் தெரிஞ்சவரா சொல்லுங்க."

"ஓட்டையெல்லாம் வளந்து கீழ இறங்கணும். மூணு மாசம் அந்தக் காலுக்கு லாடம் கூடாது." அதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. தங்கையின் முகம் வாடியது. மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள். "தோல்ல பூட்ஸ் மாதிரி தைச்சுப் போடலாம். ஆனா ஈரம் தங்கினா குளம்பு அழுகும். தினமும் கழட்டி, சுத்தம் பண்ணி, காய வச்சு, திரும்ப மாட்டணும்."

"தினமுமா?" என்றாள் தங்கை. முகம் மறுபடி மலர்ந்தது.

"அதுக்கு எதுக்கு இவன்?" முதலாளி மார்பை நிமிர்த்தினார். "பேர அடிக்கிறது அடிக்கிறதுதான். என் குதிரைக்கு இருபத்தஞ்சு ஓட்டை போட்டிருக்கான். தினசரி பராமரிப்பு நான் பாத்துக்கிறேன். அஞ்சு வாரம் படிச்சிருக்கேன்!"

தீர்மானக் காகிதத்தை நோட்டுக்குள் செருகி, நோட்டைப் பின் பாக்கெட்டில் திணித்தார். கொக்கியை எடுத்துக்கொண்டு மகாராணியிடம் போனார். லாடக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

முதலாளி குனிந்தார். தடவவில்லை, அமுக்கவில்லை, பருப்பு மூட்டையைத் தூக்குகிற மாதிரி காலை வெடுக்கென்று இழுத்தார். தோளை அவர் மகாராணி மேல் சாய்ப்பதற்குப் பதில் மகாராணி தோளை அவர் மேல் சாய்த்தது. அதுவும் பாரம் முழுவதையும். முதலாளி மெல்ல மெல்ல மடங்கி, கடைசியில் நாலு காலில் நின்றார். மகாராணி அவர் முதுகில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு கழுத்தை வளைத்தது. பின் பாக்கெட்டிலிருந்து நோட்டை உருவியது. மென்று தின்ன ஆரம்பித்தது.

"நோட்ஸ்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "அஞ்சு வார நோட்ஸ்!"

"தீர்மானமும் உள்ளதான் இருக்கு" என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

இந்தச் சங்கத்தின் வரலாற்றில் தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன, ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன. தின்னப்பட்டது இதுதான் முதல் தடவை. ஆறு பேரும் கை தட்டினார்கள்.

"டேய்!" என்று முதலாளி முனகினார். "லாடக்காரா! இத நகத்துடா!"

"எனக்குத்தான் பேர் இல்லீங்களே" என்றார் லாடக்காரர். ஐந்து வாரத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அதுவாகத்தான் இருக்கும்.

"இருக்குடா! பேர் இருக்கு! தினமும் வாடா! காலைலயும் வா, சாயங்காலமும் வா!"

லாடக்காரர் போய் மகாராணியின் தோளில் இரண்டு தட்டு தட்டினார். அது நிமிர்ந்தது. முதலாளி தவழ்ந்து வெளியே வந்து, மென்ற நோட்டின் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

இப்போது லாடக்காரருக்கும் தங்கைக்கும் நடுவே நான்கடி தூரம் இருந்தது. அவர் இன்னும் குனிந்தேதான் நின்றார்.

"மொத புதன் சிவப்பு" என்றார்.

"என்னது?" என்றாள் அவள்.

"அடுத்த புதன் வெள்ளை. அப்புறம் பூப்போட்டது. போன வாரம் நீலம்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னிக்குப் பச்சை. பச்சைதான் ரொம்ப நல்லா இருக்கு."

அவள் கண் நிரம்பிவிட்டது. பெண்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வார்கள் என்று நான் எத்தனையோ நாவல்களில் படித்திருக்கிறேன். அவள் அதில் எதையும் சொல்லவில்லை.

"கடிக்குதுங்க" என்றாள்.

"அர சைஸ் சின்னது" என்று அக்கா என்னிடம் முணுமுணுத்தார். "மாடியிலயே பாத்துட்டேன்."

லாடக்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார். பதினொரு வருடம் குனிந்திருந்த கழுத்து மெதுவாக நேரானது. அவள் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் பழக்க தோஷம் விடவில்லை, அவள் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கையை நீட்டினார்.

"தா கண்ணு, தா" என்றார்.

அவள் காலைக் கொடுத்தாள்.